வேப்பமயமாதல்

புவி சூடாவது உண்மைதானா, உண்மையென்றால் அதற்கு மனிதன்தான் காரணமா என்ற வழக்கு உலகத்தில் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தாராவியில் அது எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே கைத்தட்டலோடு தீர்ந்துவிட்டது. தீர்ப்பு சரியானதுதான். அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைத்தான் என் அலுவலகத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. நவி மும்பை வாஷியில், கட்டடங்களுக்குள் எவ்வளவு வெப்பம் சேரும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அங்கே கைத்தட்டல் ஆதாரமாகாது.

தாராவியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பட்டிமன்றம் உண்டு. குடும்ப நிம்மதி கணவனாலா மனைவியாலா என்பது போன்ற தலைப்புகளில் ஊர் பழகியிருந்தது. அந்த வருடம் மாட்டுங்காவிலிருந்து அழைக்கப்பட்ட நடுவர், காலத்துக்கு ஏற்ற தலைப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டார். "புவி வெப்பமயமாதலுக்குக் காரணம் இயற்கையே! மனிதனே!" என்று பேனர் அடித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். சீட்டைப் பிரித்த நிமிடத்திலிருந்து அவரவருக்கு அவரவர் கட்சியில் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது. மே மாதம் முழுக்க "முந்தியெல்லாம் பம்பாய் இப்படியாவே கொதிச்சுது?" என்று பனியனால் விசிறிக்கொள்ளும் மசாலாக் கடை மாமா, இயற்கை அணிக்குத் தலைவரானதும், பம்பாய் ஆதியிலிருந்தே இப்படித்தான் கொதிக்கிறது என்று தெருவெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

மனிதன் அணிக்கு என் சித்தப்பா தலைவர். ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். மேடையில் பேசுவதில் அவருக்கு ஆசையே கிடையாது. அவரை ஏற்றிவிட்டது அத்தை. பக்கத்துச் சுனாபட்டியில் அவருக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்குச் சித்தப்பாவைப் பிடித்திருக்கிறது என்று கேள்வி. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. மாப்பிள்ளைக்குத் தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். பம்பாயில் பிறக்கப்போகிற பேரப்பிள்ளைகளிடம் தமிழை ஒப்படைக்க ஒரு ஆள் வேண்டும். "தமிழா? அவன் கவிதையே எழுதுவான்" என்று அத்தை சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சித்தப்பா படித்தது இந்தி மீடியம். தமிழில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. பெண்ணின் அப்பா பட்டிமன்றத்துக்கு வந்து, சித்தப்பா முழங்குவதைக் காதால் கேட்டுவிட்டால் எழுத்தைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்பது அத்தையின் கணக்கு. இதில் எதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பட்டிமன்றத்தன்று மத்தியானம் மனிதன் அணியில் மூன்றாவதாகப் பேச வேண்டியவருக்கு டியூட்டி மாறிவிட்டது. சித்தப்பாவின் கண் என் மேல் விழுந்தது. சின்னப் பிள்ளை பேசினால் கைத்தட்டல் நிச்சயம். எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சித்தப்பா ஒரு தாளில் அரைப் பக்கத் தமிழை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தார். தேவ்நாரில் ஒரு மட்டன் கடை ஃப்ரீசர் நின்றுபோய்க் கடைக்காரர் விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இதப் பாத்து அப்படியே வாசி. டென்ஷன் ஆவாத. நான் சாய்ந்திரம் நேரா ஹாலுக்கு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு பைக்கில் பறந்தார்.

இங்கேதான் சிக்கல். தமிழில் வெ வேறு, வே வேறு. இந்தியில் இரண்டுக்கும் ஒரே குறி. தெரிந்த சொல்லாக இருந்தால் நாக்கு தானாகத் திருத்திக்கொள்ளும். 'வெயில்' என்பதை நான் சரியாகவே வாசித்தேன். 'வெப்பம்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்குச் சூடு உண்டு, வெக்கை உண்டு, புழுக்கம் உண்டு. அதனால் தாளில் இருந்ததை எனக்குத் தெரிந்த சொல்லாக வாசித்தேன். வேப்பம். வேப்பமரம், வேப்பம்பூ, புவி வேப்பமயமாதல்.

பள்ளிக்கூடத்தில் குளோபல் வார்மிங் பற்றி சார்ட் பேப்பரில் படமே வரைந்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்று என்று தோன்றவில்லை. பூமி முழுக்க வேப்பமரமாகிக்கொண்டு வருகிறது, அதற்கு மனிதன்தான் காரணம், ஏனென்றால் அவன்தான் நடுகிறான் என்று புரிந்துகொண்டேன். பனி உருகுவதும் கடல் ஏறுவதும் எதற்கு என்று தெரியவில்லை. பெரியவர்கள் சொல்வதில் இப்படிச் சில ஒட்டாமல் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் சேலை கட்டிய ஓர் அக்கா. மசாலாக் கடை மாமா அமர்க்களமாகப் பேசினார். சூரியன் கொதிப்பதற்கு நாமா விறகு வைத்தோம்? பனிக்காலம் போய் வெயில்காலம் வந்தபோது பூமியில் ஒரு ரிக்‌ஷாவாவது ஓடியதா? "நேத்து ராத்திரி நான் கம்பளியப் போத்திட்டுப் படுத்தேன் நடுவர் அவர்களே! எங்க இருக்கு வெப்பம்?" என்றார். ஒரு ராத்திரியின் குளிரை வைத்து பூமியின் கணக்கை முடிக்கிற இந்த வாதத்தை, கோட்டும் சூட்டும் போட்ட எத்தனையோ பேரிடம் அப்புறமும் கேட்டுவிட்டேன். யாரும் மாமா அளவுக்கு ரசிக்கும்படி சொன்னதில்லை.

மேடையில் அவர்கள் வெப்பம் என்றதெல்லாம் என் காதில் வேப்பம் என்றே விழுந்தது. என் முறை வந்தது. ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டார்கள்.

"புவி வேப்பமயமாவதற்கு மனிதனே காரணம்!" என்றேன். முதலில் ஒரு சின்னச் சலசலப்பு. "இப்படியே போனால் நம் பிள்ளைகள் இந்த வேப்பத்தில் எப்படி வாழ்வார்கள்?" என்றதும் சிரிப்பு எழுந்தது. நன்றாகப் பேசுகிறேன் போல என்று நினைத்து, தாளில் இல்லாத ஒன்றையும் சொந்தமாகச் சேர்த்தேன். "எனக்கும் வேப்பங்கொழுந்து பிடிக்காது. அம்மா வயித்துப் பூச்சிக்குத் தந்தா நான் துப்பிருவேன்!"

கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. மஞ்சள் சேலை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்போதுதான் எதுவோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மசாலாக் கடை மாமா மைக்கைப் பிடித்தார். "எதிரணி சொல்லுதத நான் அப்படியே ஒத்துக்கிடுதேன். ஒலகம் பூரா வேப்பமரமானா நல்லதுதானவே, நெழலாவது கெடைக்கும்! ஆனா ஒண்ணு. வெப்பத்துக்கும் வேம்புக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைய மேடையேத்திட்டு, இவுக ஒலகத்தக் காப்பாத்தப் போறாவளாம்!"

இன்னும் பெரிய சிரிப்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் அம்மா எழுந்துகொள்வது மங்கலாகத் தெரிந்தது.

அடுத்து சித்தப்பா தொகுத்துப் பேச வேண்டும். தேவ்நாரிலிருந்து நேராக வந்தவர், கையில் கிரீஸ் சரியாகப் போகவில்லை. சின்னப் பிள்ளை, விட்டுவிடுங்கள் என்று சிரித்துவிட்டு அவர் தன் பேச்சைத் தொடங்கியிருக்கலாம். பக்கவாட்டில் நின்ற அத்தை அதைத்தான் சைகை காட்டினாள். சித்தப்பா என்னை ஸ்டூலிலிருந்து இறக்கித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"ஐயா, பிள்ள தப்பா வாசிக்கல. எழுதுனத அப்படியே வாசிச்சா. எழுதுனவன் நான். எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. இந்தி எழுத்துலதான் எழுதிக் குடுத்தேன். அதுல வெவும் வேவும் ஒண்ணு."

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்ப மாமாட்ட ஒண்ணு கேக்கேன். இந்த மேடையில இம்புட்டு வேப்பமரம் மொளச்சிருக்கே, இது இயற்கையா? தானா மொளச்சுதா? இல்ல மாமா. மனுசந்தான் காரணம். நாந்தான். நான் ஏசி மாட்டுதவன். ரூமுக்குள்ள குளுர வச்சிட்டு, உள்ள இருக்க வெக்கைய வெளிய சந்துல கொட்டுதேன். சந்துல போறவன் யாருடா கொட்டுனதுன்னு கேட்டா, என்னைய சூரியனக் கை காட்டச் சொல்லுதியளா?"

அவ்வளவுதான் பேசினார். மனப்பாடம் செய்த மீதியெல்லாம் மறந்துபோய்விட்டது என்று பிற்பாடு சொன்னார்.

நடுவர் வழக்கமாக இரண்டு பக்கமும் சரியே என்று முடித்து, இரண்டு பக்கமும் பொன்னாடை வாங்கிக்கொண்டு போகிறவர். அன்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். "இயற்கை இந்த மேடைக்கு வந்து எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதன் வந்து ஒப்புக்கொண்டான். ஆகவே மனிதனே!" என்றார். பூமியின் வெப்பநிலை பற்றி உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரு நிரூபணம் ஏற்கப்பட்டிருக்காது. முதலில் தட்டியது மசாலாக் கடை மாமாதான்.

பின்னால் தொன்னையில் பொங்கல் கொடுத்தார்கள். சித்தப்பா குழாயடியில் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை அவர் முகத்தையே பார்க்கவில்லை. மூன்றாவது வரிசைக்காரர் செருப்பைத் தேடி எழுந்துவிட்டார். மஞ்சள் சேலை அக்கா மட்டும் என்னிடம் வந்து குனிந்தாள்.

"நெஜமாவே துப்பிருவியா?"

இருந்தவர்களிலேயே அதிகம் சிரித்தவள் அவள்தான். நான் தொன்னைப் பொங்கலைக் கிளறத் தொடங்கினேன்.

"சரி, அத விடு. உங்க சித்தப்பா எப்பவுமே இப்படித்தான் ஒத்துக்கிடுவாவளா? இல்ல மைக்கப் பாத்ததும் வந்துச்சா?"

சித்தப்பாவையும் கிண்டல் பண்ண வந்துவிட்டாள் என்று எனக்குக் கோபம் வந்தது. "எப்பவும்தான்! வீட்ல ரிமோட் ஒடஞ்சதுக்கும் நாந்தான் ஒடச்சேன்னு அப்பாட்ட சொன்னாரு. ஒடச்சது நானு!" என்று வெடுக்கென்று சொன்னேன்.

மறுபடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்த் தன் அப்பாவின் காதருகில் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அவர் குழாயடிப் பக்கம் திரும்பி, சித்தப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடியும் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அத்தை எங்கிருந்தோ ஓடி வந்து அவர் கையில் இன்னொரு தொன்னையைத் திணித்தாள். அவர் வாங்கிக்கொண்டார். எங்கள் சங்கத்துப் பொங்கலில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.