காட்டேரியின் ஷூ

தொண்ணூறுகளில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே தரம் பார்க்கும் செக்கர் ஒருவர் இருந்தார். நெடுநெடு உயரம், மூக்கு நுனியில் கண்ணாடி. பழைய பிரிட்டிஷ் பேய்ப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். ரத்தக்காட்டேரி மாடிப்படி இறங்கும்போது மட்டும் வீடியோ கேசட்டை நிறுத்தி, அதன் ஷூவை உற்றுப் பார்ப்பார்.

“கழுத்தைக் கடிக்கப் போறவன் பாலிஷ் போட்டுட்டு வர்றான் பாரு தம்பி. அதான் நடிப்பு” என்பார்.

ஒருநாள் லண்டனிலிருந்து சரக்கைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சிரிக்காத முகம். சரக்கு திரும்பினால் எங்கள் கிறிஸ்துமஸ் லீவு போச்சு. செக்கர் மெல்ல அந்தப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தார். வெள்ளைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் சின்ன வயதிலிருந்தே அந்தப் படங்களுக்கு ரசிகராம். செக்கர் கறுப்புத் தோல் ஒன்றைத் தோளில் போர்த்திக்கொண்டு படியிறங்கி வந்தார். வெள்ளைக்காரர் கடிபட்டவர்போல் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஒரு மணி நேரம் இதே கூத்து.

“பாஸ் ஆய்டுச்சுப்பா” என்றார் மேனேஜர்.

வெள்ளைக்காரர் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, தையல் சரியில்லை என்று மொத்தச் சரக்கையும் தள்ளிவிட்டார்.

“இன்னாண்ணே, இவ்ளோ தோஸ்த் ஆகியும் தள்ளிட்டாரே?” என்றேன்.

“தையல் கோணல்தான் தம்பி. காலையில நானே ரிப்போர்ட் எழுதிக் குடுத்தேன். மேனேஜர்தான் கிழிச்சிப் போட்டார்.”

“அப்போ எதுக்கு அவ்ளோ நேரம் நடிச்சீங்க?”

“இந்த ஊர்ல அந்தப் படத்தைப் பத்திப் பேச எனக்கு யார் இருக்கா?”

அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்க ஆபீஸ்காரர்களும் உட்கார்ந்து தையல் பிரித்தோம். இன்றுவரை அவர்மேல் கோபப்பட்டுப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.