திரைக்குப் பின்னால் ஒரு சஹன்

என் மகளுக்குக் கைப்பேசியில் படம் ஓடினால்தான் சோறு இறங்கும். நேற்றும் அவள் வாயைத் திறந்தபடி பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோற்றில் களியாவைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்காயும் வாழைக்காயும் பொரித்துப் போட்டுக் கல்யாண வீடுகளில் ஆக்குவோமே, அந்தக் களியாதான். "படம் பாத்துத் தின்னுற பழக்கம் இவளுக்கு ஆருட்ட இருந்து வந்த?" என்று என் கணவர் நக்கலடித்தார். வேறு யார், என்னிடமிருந்துதான். நானும் படம் பார்த்துக்கொண்டே களியா தின்றவள், அதுவும் தியேட்டரில்.

நம்ப மாட்டீர்கள். சண்டையை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லிச் சோதனைச் சாவடிகளைக் கொஞ்சம் தளர்த்தியிருந்த காலம் அது. அந்தியானால் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த சனம், மஃரிப் தொழுதுவிட்டும் வெளியே போகலாம் என்று கண்டுபிடித்திருந்தது. சவூதியில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், கல்முனைக் கடற்கரையில் தன் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் பாய் விரித்து, வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரில் படம் காட்டத் தொடங்கினார். டிக்கட் கிடையாது. சஹன் எடுத்தால் படம் பார்க்கலாம். சஹன் என்றால் பெரிய தட்டு, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவோம். வட்டமாக உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு முதுகுதான் திரையைப் பார்க்கும் என்பதை அந்த மனுஷன் யோசிக்கவேயில்லை. அதைவிடப் பெரிய கூத்து, ஆண்களையும் பெண்களையும் பிரிக்க மறைப்பு வேண்டுமென்று திரையையே மறைப்பாக்கிவிட்டார். ஆண்கள் திரைக்கு முன்னால், நாங்கள் பின்னால். துணி மெல்லியது என்பதால் படம் எங்கள் பக்கமும் தெரிந்தது, ஆனால் இடம் வலமாக மாறித் தெரிந்தது.

வாப்பா முன்பக்கம் போய் வேறு ஆண்களோடு உட்கார்ந்தார். உம்மா, நான், ஐந்து வயதுத் தங்கச்சி ஹஸ்னா, மாமி, மாமியின் மகள் எல்லோரும் பின்பக்கம். படத்தில் கதாநாயகன் சாப்பிட உட்கார்ந்ததும் மாமி பதறிப்போனார்.

"அல்லாஹ்வே, இடக்கையால தின்னுறான்! இவன்ட உம்மா வாப்பா ஒண்டும் படிச்சுக் குடுக்கல்லயா?"

அதன் பிறகு அவன் என்ன நல்ல காரியம் செய்தும் எங்கள் சஹனில் அவனுக்கு மரியாதை கிடைக்கவில்லை. வில்லனும் இடக்கையால்தானே தின்றான் என்று நான் பெரிய நியாயம் பேசினேன். "அவன் வில்லன்தானே" என்று மாமி முடித்துவிட்டார்.

நாங்கள் ஐந்து பேர்தான். சஹனுக்கு ஆறாவது ஆள் வேண்டும், கடைக்காரர் அதில் கண்டிப்பானவர். கடைக்கு மீன் கொண்டுவந்திருந்த பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த சரசு அக்காவைக் கூப்பிட்டு எங்களோடு இருத்தினார். முன்பின் தெரியாதவர்களின் தட்டில் கைவைக்க அவர் கூச்சப்பட்டார். உம்மா விடவில்லை.

"கையப் போடுங்க புள்ள, சோறு ஆறிரும்."

அவருக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. சமாதானத்தில் வடக்குப் பாதை திறந்துவிட்டதால் முல்லைத்தீவில் இருக்கும் அண்ணனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். ஹஸ்னா யாரிடமும் எளிதில் போகாதவள். அன்று என்ன நினைத்தாளோ, அவர் மடியில் ஏறி, வாயில் கோழி இறைச்சியோடு தூங்கிப்போனாள்.

"இவள நான் கொண்டு போகட்டாக்கா?"

"ஓம், கொண்டு போங்க, இவள்ட கரைச்சல் தாங்கேலா" என்று உம்மா சிரித்தார்.

கொஞ்ச நாளில் சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்தது. கடை போனது, எங்கள் வீடு போனது, ஹஸ்னா போனாள். மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. சரசு அக்கா தப்பிவிட்டார், அண்ணனைத் தேடி முல்லைத்தீவுக்குப் போய்விட்டார் என்று பாண்டிருப்பில் சொன்னார்கள். உம்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

"அவதான் கொண்டு போயிருக்கா. நான்தானே கொண்டு போகச் சொன்ன."

வாப்பா வவுனியா தாண்டிப் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிறகு சண்டை மறுபடி தொடங்கிப் பாதை மூடிவிட்டது. அந்த மூடிய பாதைதான் உம்மாவை உயிரோடு வைத்திருந்தது என்று இப்போது எனக்குப் படுகிறது. மௌத்தாகி உடல் கிடைக்காதவர்களுக்காகத் தொழும் காயிப் ஜனாஸாவை நடத்திவிடுவோம் என்று வாப்பா எப்போது வாயெடுத்தாலும் வீடு இரண்டுபடும். "உசிரோட இருக்கிற புள்ளைக்கா தொழுவிக்கப் போறிங்க?" என்பார் உம்மா. ஹஸ்னா இப்போது மூன்றாம் வகுப்புப் படிப்பாள் என்பார். அங்கே அவளுக்கு ஓதிக்கொடுக்க ஆளில்லையே என்று அழுவார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் நம்பத்தான் ஆசையாக இருந்தது.

சண்டை முடிந்த நாளில் தெருவில் வெடி கொளுத்தினார்கள். முல்லைத்தீவுப் பக்கம் செத்துப்போன சனத்தை நினைத்து வாப்பா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். உம்மா போய்த் திறந்தார். "இனிப் பாதை திறந்திரும்" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பல மாதங்கள் கழித்துச் சரசு அக்கா வந்தார். சண்டை முடிந்ததும் சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து விட்டார்களாம். வயல் பக்கம் எங்களுக்குக் கட்டிக்கொடுத்திருந்த வீட்டை விசாரித்துக்கொண்டு எலும்பும் தோலுமாக வந்து நின்றார். உம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் ஆளில்லாத ஒழுங்கைதான் நீண்டு கிடந்தது.

"அண்ணன்ட குடும்பத்தில ஒருத்தரும் மிஞ்சல்லக்கா. தெரிஞ்ச முகம் ஒண்டப் பாக்கணும் போல இருந்திச்சி" என்றவர், வீட்டுக்குள் கண்ணை ஓட்டினார். "உங்கட சின்னவள் எங்க? இப்ப பெரிய புள்ளயாகி இருப்பாளே."

உம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார். சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சரசு அக்கா தலையைக் குனிந்து சாப்பிட்டார். அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிவந்த உம்மா, தொழுகைக்கு வுளு எடுத்துக்கொண்டிருந்த வாப்பாவிடம் போய் நின்றார்.

"தொழுவிச்சிருங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொழுவித்தார்கள். கடை இருந்த இடத்தில் இன்று அத்திவாரம்கூட இல்லை, அதைத் தேடுவாரும் இல்லை. சண்டை நடந்தவரை எங்களுக்கு ஒரு பிள்ளை முல்லைத்தீவில் வளர்ந்துகொண்டிருந்தாள். சண்டை முடிந்த பிறகுதான் அவள் மௌத்தானாள்.