நடக்காத நான்கு மூலைகள்

என்னை வேவு பார்க்கத்தான் அதைக் கொண்டுவருகிறார்கள் என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை ஆலையின் விழுப்புரம் அலுவலகத்தில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, கரும்பு அதிகாரி அம்மாள் திரையில் படம் போட்டுக் காட்டினார். மேலே செயற்கைக்கோள், கீழே பச்சைப் பசேலென்று வயல்கள். இனி எந்த வயலில் கரும்பு முற்றியிருக்கிறது என்பதைச் செயற்கை நுண்ணறிவே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும், அந்த வரிசைப்படிதான் வெட்டு உத்தரவு போகும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வானத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு, வயலில் நான் இல்லாததும் தெரியுமே என்று தட்டும்போதே நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆலையில் நான் ஃபீல்டுமேன். வீடு திண்டிவனம், பொறுப்பு காணைப் பக்கத்து வயல்கள். தினமும் வயல் வயலாக இறங்கிக் கரும்பைப் பார்த்து, மாலையில் அறிக்கை அனுப்ப வேண்டும். இறங்குவேன். தினமும் இறங்குவேன் என்று சொன்னால் என் மனைவியே சிரித்துவிடுவாள். இரண்டு வயலைப் பார்த்தால் பக்கத்து ஆறு வயல் எப்படி இருக்கும் என்று தெரியாதா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தெரியும்.

செயற்கைக்கோளோடு இன்னும் இரண்டு வந்தன. ஒன்று, அறிக்கை எழுதித் தருகிற செயலி. இன்னொன்று, விவசாயிகளுக்கு போன் செய்து பேசுகிற குரல். அறிக்கைச் செயலியிடம் “கரும்பு நன்றாக இருக்கிறது” என்று ஒரே ஒரு வரி போட்டேன். அரைப் பக்கம் திருப்பித் தந்தது. வேர்ப்பகுதியில் ஈரம் திருப்திகரமாம். பூச்சித் தாக்குதலின் அறிகுறி தென்படவில்லையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானாவது டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அது எங்கேயுமே உட்காரவில்லை. என்னைவிடப் பெரிய புளுகன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று ஒரு பக்கம் சந்தேகம், ஒரு பக்கம் சந்தோஷம். அந்த மாதம் என் அறிக்கைகள் தெளிவாக இருக்கின்றன என்று அதிகாரி பாராட்டினார். பதினெட்டு வருட வேலையில் முதல் பாராட்டு. வீட்டில் சொன்னேன். “யாரு எழுதினது?” என்று கேட்டாள் மனைவி.

மாசி மாதம் ஒருநாள் காலை ஓர் அக்கா போன் செய்தார். காணைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் கரும்பு. கணவர் இல்லை, தனியாளாகப் பயிர் வைக்கிறவர்.

“சார், யாரோ ஒரு பொம்பள போன் பண்ணுதுங்க. தங்கள் கரும்பு இளம் பருவத்தில் உள்ளது, காத்திருக்கவும்னு நியூஸ் வாசிக்கற மாதிரி சொல்லுது. போன வருஷம் தையில நட்டது சார். பதிமூணு மாசம் ஆவுது. பூ வச்சி நிக்குது. இன்னா இளம் பருவம்? நீ யாரும்மான்னு கேட்டா, திரும்ப முதல்லருந்து வணக்கம் சொல்லுது.”

“அது பொம்பள இல்லக்கா, மெஷினு.”

“மெஷினா? அப்ப நான் திட்டினதெல்லாம் வீணாப் போச்சா?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளுக்குள் வெட்டினால், மண்ணில் நிற்கிற அடிக்கட்டைக்குத் தண்ணீர் விட்டு அடுத்த பயிரைத் துளிர்க்கவைத்துவிடலாம். தள்ளிப்போனால் நிற்கிற கரும்பும் சக்கையாகும், கட்டையும் காயும். ஒரே தாமதத்தில் இரண்டு பயிர் போய்விடும்.

அவரைச் சமாதானப்படுத்த நேரில் போனேன். கருவி பொய் சொல்லாது என்று வாயடைக்கவைப்பதுதான் என் திட்டம். வரப்பில் நின்று, செல்போனில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டு, செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன்.

“பாருங்கக்கா, எவ்ளோ பச்சையா இருக்குது! முத்தின கரும்பு இப்படியா இருக்கும்?”

அவர் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கெணறு எங்க?”

“தெரியலக்கா. சின்னதா இருக்கும்.”

“எங்க கெணறு சின்னதா? இது ரோடு வளையற எடம் சார். இது அந்தாண்ட இருக்கற சவுக்குத் தோப்பு. சவுக்கைப் பாத்துக்கினு இருந்தா அது எப்பங்க முத்தும்?”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதிவின்போது ஒவ்வொரு வயலின் நான்கு மூலைக்கும் நடந்துபோய், போனில் அந்த இடத்தைக் குறிக்க வேண்டும் என்பது உத்தரவு. அன்றைக்கு நல்ல வெயில், வரப்பெல்லாம் சேறு. ரோட்டோரம் சவுக்குத் தோப்பு நிழல். அங்கேயே நின்று, இந்தப் பக்கம் ஐம்பது அடி, அந்தப் பக்கம் ஐம்பது அடி நடந்து, நான்கு மூலையையும் குறித்துவிட்டேன். பக்கத்தில்தானே வயல் என்று நினைத்தேன். அத்தனை உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கொஞ்ச தூரம் ஒரு விஷயமா? அந்தப் பாவப்பட்ட கருவி, நான் காட்டிய இடத்தையே ஒரு வருடமாக விடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. என்னை வேவு பார்க்கிறது என்று நான் பயந்த கண், சவுக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவே இல்லை.

“மெஷின் தப்பா சார்?” என்றார் அக்கா.

“ஆமாங்கக்கா” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மெஷின் இந்தப் பக்கமே வரலியே. நீங்கதான போன புடிச்சிக்கினு அங்க நின்னீங்க? நான் களை எடுத்துக்கினு பாத்தேன். வெயிலுக்கு ஒதுங்கறாருன்னு நெனச்சேன்.”

அன்று மாலை அதிகாரியிடம் போனேன். கருவியின்மீது பழியைப் போட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். “மேடம், அந்த செயற்கைக்கோள்ல எனக்கு ஆரம்பத்துலருந்தே ஒரு சந்தேகம்” என்று தொடங்கினேன்.

“எந்த வயல்?” பதிவு எண்ணைச் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்தார். “இதுல சந்தேகமே இல்லயே சார். படமும் இளம் பருவம்னு சொல்லுது, நீங்களும் நேர்ல ஆய்வு செஞ்சு அதையேதான் எழுதியிருக்கீங்க. ‘தோகைகள் பசுமையாக உள்ளன, தண்டு முழு வளர்ச்சி எட்டவில்லை.’ நல்லா எழுதியிருக்கீங்க.”

அது நான் எழுதியதல்ல. படம் என்ன சொல்கிறதோ அதையொட்டி ஓர் அறிக்கை கொடு என்று செயலியிடம் கேட்டிருந்தேன், கேட்டதைத் தந்தது. ஒரு கருவி நான் காட்டிய பொய்யைப் பார்த்தது. இன்னொன்று அந்தப் பொய்க்கு சாட்சி எழுதியது. மூன்றாவது அதைப் போனில் படித்துக் காட்டியது. மூன்றுக்கும் அடியில் கையெழுத்து என்னுடையது.

உண்மையைச் சொல்லாமல் அந்த அக்காவின் வரிசை நகராது. சொன்னேன். சவுக்கு, நிழல், ஐம்பது அடி, அறிக்கை, எல்லாவற்றையும். அதிகாரி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இந்த மாதிரி எத்தனை வயல்?”

“ஒரு ஏழெட்டு இருக்கும் மேடம்.”

“ஏழா, எட்டா?”

“பதினொண்ணு.”

பேனாவைக் கீழே வைத்தார். “முன்னெல்லாம் பெரிய ஆளுங்க ஒரு போன் போட்டா அவங்க கரும்பு முதல்ல வெட்டுப்படும். இந்த மெஷினுக்கு யாரையும் தெரியாது, யார் போனையும் எடுக்காது. அதனாலதான் இதைக் கேட்டு வாங்கினேன். இந்த மாதிரி தனியா பயிர் வைக்கறவங்களுக்காக. அவங்களையே கடைசில நிறுத்திட்டீங்களே சார்.”

பதினொரு வயலின் பதிவு எண்ணையும் ஒன்று விடாமல் எழுதி அவர் முன்னால் வைத்தேன். அது பெரிய அதிசயம். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

மறுநாள் காலையில் அதிகாரியும் அக்காவின் வயலுக்கு வந்தார். நான் கரும்புச் சோகையில் கையைக் கிழித்துக்கொண்டு நான்கு மூலையும் நடந்தேன். அக்கா பின்னாலேயே வந்து, “இன்னும் அந்தாண்ட போங்க. அந்தக் கல்லு வரைக்கும் எங்களுது” என்று விரட்டினார். அதிகாரி ஒரு கரும்பை வெட்டி, சாற்றைக் கருவியில் விட்டு இனிப்பின் அளவைப் பார்த்தார். முற்றிவிட்டது என்று தலையை ஆட்டினார். தவறை எழுத்தில் தரச் சொன்னார். செயலியைத் தொடாமல் நானே எழுதினேன். நான்கு வரிதான் வந்தது, அதுவும் அடித்தல் திருத்தலோடு. எனக்கு மெமோ வந்தது. அக்காவுக்கு ஆறாம் நாள் வெட்டு உத்தரவு வந்தது.

உத்தரவு செல்போனில் வந்ததை அவர் நம்பவில்லை. எனக்கு போன் செய்து, “வெட்டற ஆளுங்க வந்தாதான் வந்த மாதிரி. நீங்களும் வந்து நில்லுங்க” என்றார். போனேன். விடியற்காலையில் ஆட்கள் இறங்கினார்கள். ஓரம் நின்ற கரும்பு காய்ந்து எடை குறைந்திருந்தது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, ஒரு கழியை ஒடித்து என் கையில் கொடுத்தார். லேசாக இருந்தது. கடைசிக் கட்டு லாரியில் ஏறியபோது மணி மூன்று. நான் பைக் சாவியை எடுத்தேன்.

“எங்க கெளம்பறீங்க? இன்னும் பத்து வயலு பாக்கி இருக்குதுன்னு மேடம் சொல்லிச்சி. பக்கத்து வயலுதான் ஒண்ணு. நடங்க, நான் மோட்டார போட்டுட்டு வர்றேன்.”

கிணற்றில் தண்ணீர் இருந்தது. சரியாக எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குழாய் இரண்டு முறை இருமி, பிறகு கட்டைகளுக்கு நடுவே கொட்டத் தொடங்கியது.