தம்பி முதுகுக்கு வந்த கொக்கிகள்

இரும்பை உடைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில், செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் வார்க்கும் பட்டறையில் வேலை. சந்தேகம் எனக்குத் தொழில், கொஞ்சம் பிறவிக் குணமும்கூட. ஈப்போ சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதே இல்லை.

அந்தத் தைப்பூசத்துக்கு என் தம்பி முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான். கொக்கிகளைச் செய்துகொண்டு வந்தவன் அவனுடைய கூட்டாளி, கார் பட்டறைக்காரன். அவை பளபளவென்று இருந்தன. அந்தப் பளபளப்புதான் எனக்கு உறுத்தியது.

“இது ஸ்டெயின்லெஸ்தானா?”

“ஆமாக்கா, நல்ல சாமான் லா.”

ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து ஒரு கொக்கியில் வைத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. நிக்கல் கலந்த ஸ்டெயின்லெஸ் அப்படிப் பிடிக்காது. பழைய எஞ்சின் ஸ்பிரிங்கைக் காய்ச்சி வளைத்து, தண்ணீரில் முக்கி, பாலிஷ் போட்டதாகக் கூட்டாளி முனகினான்.

அந்த ஸ்பிரிங் எஃகில் குரோமியம் இருக்கும். பழுக்கக் காய்ச்சி முக்கினால் உள்வரை இறுகிவிடும். மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தாவிட்டால் அதற்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். ஒரு கொக்கியை வாசல் சிமென்டில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். முனை தெறித்து கேட் பக்கம் பறந்தது.

“இது உடம்புக்குள்ள உடைஞ்சா யாருடா எடுக்கிறது?” என்று கூட்டாளிமேல் பாய்ந்தேன்.

“அவன ஏசாதக்கா,” என்றான் தம்பி. “நாந்தான் கேட்டேன். போன வருஷம் கொக்கி நிமிந்து கழண்டுச்சு. பின்னால நின்னவனுங்க சிரிச்சானுங்க. அதான் நிமிராத சாமானா வேணும்னேன். ஒங்கிட்ட பொய் சொல்லச் சொன்னதும் நாந்தான்.”

ஊரையே சந்தேகப்பட்டவள் சொந்தத் தம்பியை விட்டுவிட்டேன்.

“நிமிந்ததாலதான்டா ஒன் முதுகு தப்பிச்சிச்சு,” என்றேன். மறுநாள் நிக்கல் கலந்த கொக்கிகளை நானே வாங்கிவந்தேன். கடைக்காரரையும் நம்பாமல், ஒன்றை வளைத்துப் பார்த்த பிறகுதான் அவனிடம் கொடுத்தேன்.

தைப்பூசத்தன்று சுற்றிலும் ‘வேல் வேல்’ என்ற முழக்கம். என் கண் மட்டும் கொக்கிகளை விட்டு நகரவில்லை. தேர்ச் சக்கரம் சாலைப் பள்ளத்தில் இறங்கியது. கயிறுகள் வெடுக்கென்று இழுபட்டன. ஒரு கொக்கி மெல்ல விரிந்து, கழன்று, கயிற்றில் தொங்கியது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். தம்பி திரும்பி என்னை முறைத்தான். அவன் முதுகில் தோல் கிழிந்திருக்கவில்லை.

“இழுடா,” என்றேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.