ஐந்து மணி பஸ்ஸும் துண்டுக்காரனின் கடைசிப் படமும்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எந்தப் படமும் முடிந்ததே கிடையாது. அருப்புக்கோட்டைத் தியேட்டரில் மேட்னி விட ஐந்தேகால் ஆகும். திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் எங்கள் பஸ் ஐந்து மணிக்கே தியேட்டர் வாசலில் வந்து நிற்கும். அதை விட்டால் எட்டரைக்குத்தான், அதுவும் வந்தால் உண்டு. டிரைவர் நல்ல மனுஷர். தன்னுடைய ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும் என்பதால் மூன்று முறை நீளமாக ஹாரன் அடிப்பார். திரையில் யார் யாரைக் குத்திக்கொண்டிருந்தாலும் சரி, தாலி கழுத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தாலும் சரி, முப்பது நாற்பது பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவோம். டவுன்காரர்கள் எங்களுக்கு 'ஹாரன் கோஷ்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "குனிஞ்சு போங்கய்யா, மறைக்குது" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். ரோஷமாகத்தான் இருக்கும். ஆனால் ரோஷத்தைப் பார்த்தால் பஸ் போய்விடும்.

அதனால் என் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மதியத் தூக்கத்தில் கண் சொருகும்போது ஒரு வில்லன் ஓங்கிய கத்தியோடு அப்படியே நிற்கிறான். மலை உச்சியில் ஒருத்தி கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறாள், வயசும் ஆகாமல், கையும் வலிக்காமல். பிற்பாடு டி.வி.யில் அந்த முடிவுகளைக் காட்டியபோது எனக்கு அவை பிடிக்கவில்லை.

துண்டுக்காரனும் அப்படித்தான் எங்களிடம் வந்தான். வெளிநாட்டுப் படம், மூன்று பாகம், தமிழில் பேசும். பச்சை உடுப்பு, கண்ணுக்கு மட்டும் ஒரு மறைப்பு, முதுகில் காற்றில் பறக்கிற துணி. அதற்கு அவர்கள் ஊரில் என்ன பெயரோ, எங்கள் பஸ்ஸில் அது துண்டுதான், அவன் துண்டுக்காரன்தான். முதல் பாகம் வந்தபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. விழப்போகிற பாலத்தைத் துண்டுக்காரன் முதுகால் தாங்குகிறான், ஹாரன் அடித்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து இரண்டாம் பாகம். பற்றி எரிகிற கப்பலோடு கடலுக்குள் போகிறான், ஹாரன். இரண்டு தடவையும் பஸ்ஸில் அப்பா மடியில் நின்றுகொண்டு தம்பிதான் முடிவு சொன்னான். பாலத்தைத் தூக்கி வேறு ஆற்றில் வைத்துவிட்டான் என்றான். கப்பலோடு கடலடியில் நடந்தே கரைக்கு வந்துவிட்டான் என்றான். பருத்தி மூட்டைக்காரர்கள், சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், எங்கள் மாதா கோயில் உபதேசியார் எல்லாரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். உபதேசியார் மெழுகுவர்த்தி வாங்கத்தான் டவுனுக்கு வந்தார் என்பதாக ஒரு ஏற்பாடு. அதை யாரும் தோண்டித் துருவ மாட்டோம்.

மூன்றாம் பாகம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம் வந்தது. சுவரொட்டியில் 'இறுதிப் பாகம்' என்று போட்டிருந்தது. தம்பி அப்போது மஞ்சள் காமாலையில் படுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா தினமும் காலையில் அவனை ஜன்னலோரம் கொண்டுபோய்க் கண் இமையை இழுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கீழாநெல்லி அரைக்கப் போய்விடுவாள். உப்பில்லாக் கஞ்சியை அவன் இரண்டு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. மேலத் தெருவில் ஒருவர் அதற்கு முந்தின வாரம்தான் இதே நோய் முற்றி இறந்துபோயிருந்தார். அதைத் தம்பி காதில் படாமல் தெருவே சேர்ந்து மறைத்து வைத்திருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. பகலில் அவன் தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன்.

"நீயும் அப்பாவும் போய்ப் பாத்துட்டு வாங்க. இந்தத் தடவ முடிவப் பாக்காம வரக் கூடாதுக்கா. சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன்.

தியேட்டருக்குள் இருட்டில் சுவரோட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. அதில் தூசு மிதந்தது. படத்தின் கடைசியில் ஓர் அணை உடைகிறது. அவ்வளவு தண்ணீரை எங்கள் ஆட்கள் சேர்ந்தாற்போல் பார்த்ததே இல்லை. "அடப் பாவிகளா, அம்புட்டும் வீணாப் போகுதே!" என்று ஒருவர் எழுந்தே விட்டார். துண்டுக்காரன் வந்து உடைப்புக்குள் தன் உடம்பைக் கொடுத்து அடைத்துக்கொண்டான். கீழே ஊர் சனம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கண்மாய் உடைப்பு அடைத்துப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? "மண்ணு மூட்டையப் போடுங்கலே! வைக்கோல அமுக்குங்கலே! ஒத்த ஆளு எம்புட்டு நேரம் தாங்குவான்?" என்று எங்கள் வரிசை முழுக்கக் கத்தியது. டவுன்காரர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் கத்தினார்கள்.

அப்போதுதான் ஹாரன் அடித்தது. மூன்று முறை.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் உபதேசியார் அசையவில்லை, மூட்டைக்காரர்கள் அசையவில்லை. மறுபடியும் மூன்று முறை அடித்தது. "என்னய்யா, இன்னைக்குக் கிளம்பலையா?" என்று பின்னால் ஒரு டவுன்காரர் கேட்டார், கேலியில்லாமல். பிறகு கதவுத் திரையை விலக்கிக்கொண்டு டிரைவரே உள்ளே வந்தார். "ஏப்பா, ஊருக்கு வார நெனப்பு இருக்கா இல்லையா?" என்று ஆரம்பித்தவர் திரையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். காக்கிச் சட்டையில் வெள்ளை வெளிச்சம் அலையடிக்க, சுவரோரம் அப்படியே நின்றார். கண்டக்டர் அவரைத் தேடி வந்தார். அவரும் நின்றார்.

கடைசி ஆள் மேட்டில் கால் வைத்ததும் துண்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீர் அவனை மூடியது. பச்சைத் துண்டு மட்டும் மேலே மிதந்து வந்தது. ரொம்ப நேரம் மிதந்தது. விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை, அவன் வருவான் என்று உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வீணாகிறதே என்று முன்பு எழுந்து நின்றவரும் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை.

பஸ் தாமதமாகக் கிளம்பியது. ஏன் தாமதம் என்று வாசலில் காத்திருந்தவர்கள் கேட்டதற்கு "ஒரு துட்டி ஆயிப்போச்சு" என்றார் கண்டக்டர், சொந்தத்தில் சாவு விழுந்ததுபோல. சாய்ந்த வெயிலில் கரிசல் புழுதி ஜன்னல் வழியாக வந்து எல்லார் தலையிலும் பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அத்தைதான், எங்கள் ஊர்ப் பருத்திக்காட்டுக்காரி, முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, தம்பிகிட்ட என்ன சொல்லப் போற?"

"முடிவப் பாத்துட்டுத்தேன் வரணும்னு சத்தியம் வாங்கியிருக்கான்."

"நல்லாருக்கே! சீக்காக் கெடக்கிற பிள்ளைகிட்ட செத்துப்போனான்னா சொல்லுவ?"

பஸ் முழுக்க விழித்துக்கொண்டது. மூன்றாம் நாள் எழுந்து வருவான் என்று சொல்லச் சொன்னார் உபதேசியார். அதுவரைக்கும் பிள்ளை பொறுக்க வேண்டாமா என்று அத்தை அதைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் அவனை அடுத்த ஊர்க் கண்மாயில் கொண்டுபோய் ஒதுக்கியது, ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துத் தூக்கினார்கள் என்றார் மூட்டைக்காரர். எதிரியை ஏமாற்றத் துண்டை வேண்டுமென்றே அவிழ்த்து விட்டான் என்றார் கண்டக்டர். திருச்சுழி வருவதற்குள் தீர்ப்பு டிரைவரிடம் போய்விட்டது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் அவர் சொன்னார்: "துண்டுதேன் போச்சு. ஆளு கரையேறிட்டாரு. ஆடு மேய்க்கிறவுக கஞ்சி குடுத்தாக. இதத்தேன் சொல்லணும், கேட்டியா தாயி?" எல்லாரும் சரி என்றார்கள். அப்பா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் இறங்கியதும் அத்தை என் கையைப் பிடித்து அடிபம்புக்கு இழுத்துப் போனாள். "ஒரு உசிரு போனதக் கண்ணால பாத்துட்டு, நோயாளி இருக்கிற வீட்டுக்குள்ள அப்படியே நொழையாத" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சினிமாதானே அத்தை என்று வாய் வரைக்கும் வந்தது. துட்டிக்குப் போய் வந்தால் தலை நனைப்பது எங்கள் தெருவிலும் வழக்கம்தான், அத்தையின் கோயில் வேறு, எங்கள் கோயில் வேறு என்றாலும். அப்பா பம்பை அடித்தார். குனிந்து தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டேன்.

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தான். பஸ் சொல்லிக்கொடுத்த முடிவை ஒன்று விடாமல் சொன்னேன். ஆடு மேய்க்கிறவர்களையும் கஞ்சியையும் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் மஞ்சள் கண்ணால் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலை ஏன் நனைஞ்சிருக்கு?"

"வெக்கையா இருந்துச்சுலே."

"போன வாரம் அப்பாவும் இப்படித்தேன் தலைய நனைச்சுட்டு வந்து வெக்கைன்னாரு. மேலத் தெருவுல அன்னைக்கு யாரு செத்ததுன்னு எனக்குத் தெரியும். என்ன நோயின்னும் தெரியும்."

அம்மா அடுப்படியில் அரைப்பதை நிறுத்திவிட்டாள்.

"துண்டுக்காரன் செத்துட்டான்லே" என்றேன்.

அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப ஹாரன் அடிச்சாகளா?" என்று கேட்டான்.

"அடிச்சாக. ரெண்டு தடவ."

"நம்ம ஆளுக எந்திரிச்சுப் போயிட்டாகளா?"

"யாருமே எந்திரிக்கல. டிரைவர் அண்ணாச்சியே உள்ள வந்து நின்னாக. அவன் கண்ண மூடுற மட்டும் எல்லாரும் இருந்தோம்."

அவன் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்பச் சரி" என்றான்.

நான் அடுப்படிக்குப் போய் அம்மா முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். துண்டுக்காரனுக்காக இல்லை. தம்பியின் கண்ணிலிருந்து மஞ்சள் இறங்க அதற்கப்புறம் ஒரு மாதம் ஆனது. ஆனால் அன்றைக்குத்தான் உப்பில்லாக் கஞ்சியை அவன் முதல் முறையாக மிச்சம் வைக்காமல் குடித்தான்.