நுரை வராமல் ஊற்றுவது

குளிர்ந்த கடலில் வளரும் பழுப்புப் பாசிகள் அயோடின் கலந்த வாயுக்களை மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளும் அப்படித்தான். அந்த வாயு வெயிலில் உடைந்து, மேகத்துக்கு விதையாகும் துகள்களாக மாறுவதுண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன நான், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

தெற்கே போகும் ஆய்வுக் கப்பலில் ஓர் இடம் இருந்தது. ஒரே வாளிக் கடல்நீரிலிருந்து நிரப்பும் இரண்டு குப்பிகளும் ஒரே அளவைக் காட்டினால் அந்த இடம் எனக்கு என்றார் பேராசிரியை. காட்டவே இல்லை. ஒன்றில் கொஞ்சம் வாயு, மற்றதில் அதுவும் இல்லை.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் மேற்குக் கரைக்குக் கூட்டிப்போனார். மலேசியாவிலும் சரி, இப்போது ஆக்லாந்தின் மனுகாவ் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையிலும் சரி, அவருடைய வேலை தே தாரிக் ஆற்றுவது. தேநீரைக் குவளைக்குக் குவளை உயரத்திலிருந்து இழுத்து, நுரை பொங்க ஊற்றுவது. பள்ளி விடுமுறைகளில் நானும் அங்கே நின்று ஆற்றியவன்.

கரையில் மூடுபனி. கடல் எங்கே முடிந்து பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கும் பாசி வாசனை. வாளியைப் பாறைமேல் வைத்து, சிறு குழாய் வழியே குப்பியில் நீர் விட்டேன்.

"என்னாடா இது, கடலுக்கே தே தாரிக் போடுறியா? சீனி வேணாமா?" என்று அப்பா சிரித்தார்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். குப்பியின் அடியில் இருக்க வேண்டிய குழாய் நுனி எங்கோ மேலே இருந்தது. நீர் நிறைய நிறையக் கை தானாக உயர்ந்திருக்கிறது. குப்பிக்குள் நுரை.

"நுரை வரக்கூடாதுப்பா. வந்தா வாயு எல்லாம் ஓடிடும்."

"நுரை இல்லாம ஊத்தணுமா? அப்ப நான் இந்த வேலைக்கு ஆவமாட்டேன்லா."

குப்பியைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன். சொல்லிக்கொண்டே அவர் என் முழங்கையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டார். குப்பி நிறைந்து சத்தமில்லாமல் வழிந்தது. ஒரு குமிழி இல்லை. மூடியபிறகும் இருவரும் அப்படியே நின்றிருந்தோம். எதிரே பனி, கடல் விட்ட மூச்சுபோல, அசையாமல் கிடந்தது.

அப்படியே நிரப்பிய இரண்டு குப்பிகளும் ஆய்வகத்தில் ஒரே அளவைக் காட்டின.

கப்பலிலிருந்து போன் செய்தபோது அப்பா கேட்டார்: "அங்க டீ யாரு போடுறா?"

"நான்தான்பா."

"நுரை?"

"நிறைய."