கும்பிடுகிறார் என்று நினைத்தேன்

போன வருடம் தைப்பூசம் முடிந்த சமயம். பக்கவாதம் வந்து ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்த என் கணவரை, சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதில்கூடக் குழப்பம். வாய் ஓயாத மனிதர் அப்படிக் கிடந்ததைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

பாட்டுக் கேட்டால் பேச்சு திரும்ப உதவும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நேராகத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். பூஜை சாமான் கடையில், நாள் முழுக்கப் பக்திப் பாட்டுப் பாடும் குட்டிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து அவர் தலைமாட்டில் மாட்டினேன். எங்கள் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். அதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மறுநாளே அவர் இடது கையைப் பெட்டியை நோக்கி நீட்ட ஆரம்பித்தார். கும்பிடுகிறார் என்று எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் சாமியை இடது கையால் தொடலாமா? அந்தக் கையை இறக்கிவிட்டு, உணர்வில்லாத வலது கையைத் தூக்கிப் பெட்டியைத் தொட வைத்து, அவர் கண்ணில் ஒற்றிவிடுவேன். அவர் கண் கலங்கும். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். தினமும் நான்கைந்து தடவை, இரண்டு மாதம் இப்படியே போனது.

வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி தர ஒரு தமிழ்ப் பெண் அதன் பிறகுதான் கிடைத்தாள். முதல் நாளே நான் செய்வதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“ஆன்ட்டி, அங்கிள் கும்பிடல லா. ஆஃப் பண்ணச் சொல்றாரு.”

நிறுத்தினேன். அவர் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“அங்கிளுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?” என்று கேட்டாள்.

முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவள் நான். எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டு, சாங்கி விமான நிலையத்தில் அவரோடு சரக்குப் பிரிவில் வேலை பார்த்த மலாய் நண்பருக்குப் போன் போட்டேன். என் கணவர் வேலை நேரமெல்லாம் பழைய மலாய்ப் பாட்டுத்தான் பாடுவாராம். போனை என் கணவர் காதருகே பிடித்தேன், நண்பர் போனிலேயே ஒரு பாட்டை எடுத்தார். இரண்டாவது வரியில், கோணிய வாயோடு என் கணவரும் சேர்ந்துகொண்டார். சொற்கள் தெளிவாகவே வந்தன. நான் வாய்விட்டு அழுதேன்.

அன்று முதல் தினமும் பாடினார். மெல்ல மெல்ல “தண்ணி”, “போதும்” என்று பேச்சிலும் ஒன்றிரண்டு வார்த்தைகள் வந்தன. என் பெயர் வருவதற்குள் இரண்டாவது முறையாகப் பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை அவர் வீடு திரும்பவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், “உங்கள மாதிரி யாரு பாத்துக்குவா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு இருந்த கொஞ்ச நாளில் இரண்டு மாதத்தை வீணடித்தவள் நான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? இப்போதெல்லாம் யாருக்கு எதைச் செய்வதானாலும் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். கேட்டிருக்க வேண்டியவரை மட்டும் கேட்காமலேயே அனுப்பிவிட்டேன்.